காலடியில் என்ன இருந்தது?

கூழாங்கல்லின் மீது எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஆற்றங்கரையில் அது கிடக்கிற அழகே தனி. ஆனால் போர்க்களம் என்று சொல்லி மேஜையின் மேல் விரிக்கிற ஒவ்வொரு துணியிலும், ஒவ்வொரு அட்டையிலும், ரப்பரில் வார்த்து விற்கிற ஒவ்வொரு தெருத் துண்டிலும் அந்தக் கூழாங்கல்லே வரிசை வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரோமாபுரிச் சேனை போனாலும் கூழாங்கல். நெப்போலியன் போனாலும் கூழாங்கல். 1945-ல் பெர்லினுக்குள் ருஷ்ய டாங்கிகள் நுழைந்தாலும் அதே கூழாங்கல். நிறத்தில் மட்டும் கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் பழுப்பு. பழைய காலம் என்றால் தெருவில் உருண்டைக் கல் இருந்தாக வேண்டும் என்று யாரோ ஒரு வியாபாரி தீர்மானித்துவிட்டான். வாங்குகிறவர்களும் தலையை ஆட்டிவிட்டார்கள்.

மேஜைப் போர் என்றால் என்ன என்று சில வாசகர்கள் கேட்கலாம். பெரிய மேஜை ஒன்றின் மேல் குன்று, காடு, ஊர், ரஸ்தா எல்லாம் சிறியதாகச் செய்து வைத்து, விரல் நகம் அளவுச் சிப்பாய்ப் பொம்மைகளை அளவுகோலால் அளந்து நகர்த்தி, பழைய யுத்தம் ஒன்றை மறுபடி நடத்திப் பார்ப்பது. என் நண்பர் ஒருவருக்கு இந்தப் பித்து உண்டு. வாரத்தில் ஆறு நாள் கணக்கு எழுதுகிறார். ஏழாம் நாள் வாட்டர்லூ நடத்துகிறார். அவர்தான் என்னிடம், "சரித்திரக் கதை எழுதுகிறவராயிற்றே, 1815-ல் அந்த ரஸ்தாவில் என்ன போட்டிருந்தார்கள் என்று பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். பார்க்கத் தொடங்கினேன். சில மாதங்கள் ஓடிவிட்டன.

இதைப் பற்றி ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியதுதான் தாமதம், விமரிசகர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பேர் வேண்டாம், நல்ல மனிதர், நிறையப் படித்தவர். "ரஸ்தா என்றால் ரஸ்தாதானே, ஐயா? அதில் கல் இருந்தால் என்ன, மண் இருந்தால் என்ன? யார் ஜெயித்தான், ஏன் ஜெயித்தான் என்பதல்லவா சரித்திரம்?" என்றார். அதோடு விடவில்லை. நாவலாசிரியர்கள் பொம்மை விளையாட்டில் இறங்கிவிட்டார்கள் என்று பத்திரிகையிலும் எழுதினார். எழுதட்டும். ஆனால் அவர் கேட்ட கேள்வியிலேயே எனக்கு வேண்டிய பதிலும் இருக்கிறது. ஏன் ஜெயித்தான் என்று கேட்கிறாரே, அந்த 'ஏன்' பாதிக்கு மேல் ரஸ்தாவில்தான் கிடக்கிறது.

முதலில் பொம்மை விளையாட்டு என்ற பழியைப் பார்ப்போம். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்று ஒரு பிரபு 1812-ல் தம் அரசருக்கு ஒரு மேஜை செய்து கொடுத்தார். மலையும் ஆறும் காடும் ரஸ்தாவும் சிறு சிறு சதுரத் துண்டுகளாக இருக்கும். மாற்றி மாற்றி அடுக்கிப் புதுப்புது நிலங்களை உண்டாக்கலாம். அவருடைய மகன் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். அவர் 1824-ல் அதையே விதிகளோடு கூடிய பயிற்சியாக்கி, உண்மையான தேசப்படங்களின் மேல் நடத்தினார். ஒரு திருப்பம் என்பது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் காலாட்படை எத்தனை தூரம் போகும், குதிரை எத்தனை தூரம் போகும் என்றெல்லாம் கணக்கு. பிரஷ்ய ராணுவத்தின் தலைமை அதிகாரி மியூஃப்ளிங் அலட்சியமாகவே பார்க்க வந்தாராம். பார்த்து முடித்ததும், இது விளையாட்டே அல்ல, யுத்தப் பயிற்சி என்று வியந்தாராம். இந்த மியூஃப்ளிங் யார் தெரியுமா? 1815-ல் வாட்டர்லூவில் வெலிங்டன் பிரபுவின் பக்கத்தில் பிரஷ்யப் படையின் தூதராக இருந்தவர். தம்முடைய படை எப்போது வந்து சேரும் என்று கிழக்குத் திசையைப் பார்த்துக்கொண்டே அன்று பகலைக் கழித்தவர். ரஸ்தாவின் அருமை அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

எங்கள் தொழிலைச் சேர்ந்தவரும் ஒருவர் உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று இந்த விளையாட்டைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். நிஜ யுத்தத்தின் மடத்தனத்தைப் பார்க்கிறவனுக்கு இந்தச் சின்ன யுத்தமே மேல் என்று அதில் வாதாடினார். அடுத்த வருஷமே உலக மகாயுத்தம் வந்துவிட்டது. அது அவர் குற்றமல்ல.

இனி ரஸ்தாவுக்கு வருவோம். ரஸ்தா என்றால் ரஸ்தாதானே என்கிறார் விமரிசகர். இல்லை. கூழாங்கல் பாவிய தெரு வேறு. அது ஆற்றிலும் வயலிலும் கிடைக்கிற உருண்டைக் கல்லை அப்படியே மண்ணில் பதித்தது. முற்றங்களிலும் சிறு ஊர்ச் சந்துகளிலும் உண்டு. செதுக்கிய கல் பாவிய ரஸ்தா வேறு. கல்தச்சன் உளி பட்ட சதுரக் கல், மணல் படுகையில் நெருக்கி அடுக்கியது. பணம் விழுங்கும் வேலை. கப்பி ரோடு இன்னும் வேறு. அதற்கு மூலபுருஷர் மக்காடம் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். பெரிய கல்லே வேண்டாம், ஆறு அவுன்ஸுக்கு மேல் போகாத உடைத்த ஜல்லியைக் கெட்டித்துப் போட்டால் வண்டிகளின் பாரமே அதை இறுக்கிவிடும் என்று கண்டுபிடித்தவர். அவர் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் மேற்பார்வைக்கு வந்தது 1816-ல். ஆகவே 1815-ல் நடந்த வாட்டர்லூ மேஜையில் கப்பி ரோடு போட்டால், நெப்போலியனின் கையில் டெலிபோனைக் கொடுத்த மாதிரிதான்.

இவை தவிர, ஊருக்கு ஊர் வேறு வேறு. பாம்பேயி நகரத்தில் பலகோணக் கரும்பாறைப் பலகைகள். அவற்றில் சக்கரத் தடம் பள்ளமாகவே விழுந்திருக்கிறது. 1871-ல் சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்தபோது அதன் தெருக்களில் எத்தனையோ மரக்கட்டை பாவியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐரோப்பாவாகட்டும் அமெரிக்காவாகட்டும், பழைய காலத்து ரஸ்தாக்களில் மிகப் பெரும் பகுதி வெறும் மண். மண் என்றால் வெயிலில் புழுதி, மழையில் சகதி. அந்த மண்ணைத்தான் இந்த வியாபாரிகள் மேஜையிலிருந்து துடைத்து எறிந்துவிட்டார்கள்.

காலுக்குக் கீழே இருப்பது என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், பிறகு வாட்டர்லூவுக்குப் போகலாம். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், 1862 செப்டம்பரில், தெற்கத்திப் படை பொட்டோமாக் நதியைத் தாண்டி மேரிலாந்துக்குள் போயிற்று. படையில் எத்தனையோ பேருக்குக் காலில் செருப்பே கிடையாது. வர்ஜீனியாவின் மண் பாதைகளில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்கள். மேரிலாந்திலோ கப்பி ரோடு. உடைத்த கல் குத்திக் கால் பிளந்து, வழியிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் ஏராளம். அந்த மாதம் ஆண்டிடம் ஓடைக் கரையில் நடந்த பெரிய சண்டைக்கு லீ தளபதியிடம் ஆள் குறைந்துபோனதற்கு அந்த ரஸ்தாவும் ஒரு காரணம். இதை மேஜையில் எப்படிக் காட்டுவீர்கள்? நல்ல ரஸ்தா, வேகமாகப் போகலாம் என்று விதி எழுதுவீர்கள். செருப்பில்லாதவனுக்கு அது நல்ல ரஸ்தா அல்லவே!

பிரஸ்ஸல்ஸிலிருந்து தெற்கே ஷார்ல்ரவாவுக்குப் போகிற பெருஞ்சாலை வாட்டர்லூ களத்தை நடுவில் வகிர்ந்துகொண்டு போகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்திரிய ஆட்சியின்போது அந்தத் தேசத்தில் இப்படிப்பட்ட சாலைகளைப் போட்டார்கள். நடுவில் ஒரு பட்டை செதுக்கிய கல். அதற்கு இரு பக்கமும் பாவாத மண். ஓரத்தில் மரங்கள். சாலைக்கு ஆகும் செலவை வண்டிகளிடம் சுங்கம் வாங்கிச் சரிக்கட்டினார்கள். ஆகவே கல் பட்டை என்பது ரஸ்தா முழுவதும் அல்ல. அதன் நடு மட்டும்தான். எதிரே வண்டி வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கத்தான் வேண்டும்.

1815 ஜூன் 17-ஆம் தேதி பிற்பகலில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முந்தின நாள் காத்ர் பிராவில் சண்டையிட்ட வெலிங்டனின் படை இந்தச் சாலையில்தான் வடக்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்திற்கெல்லாம் வயலில் குதிரைகளுக்கு முழங்கால் புதைந்தது. அதுவரை அகலமாகப் பரவி வந்த குதிரைப் படை இரண்டும், துரத்தப்பட்டதும் துரத்தியதும், வேறு வழியின்றி அந்தக் கல் பட்டைக்கு வந்து சேர்ந்தன. குதிரைப் பீரங்கிப் படைத் தலைவர் மெர்சர் எழுதிய நாட்குறிப்பில் அந்தப் புயலும் ஓட்டமும் தத்ரூபமாக இருக்கின்றன. ஜெனாப் என்ற ஊரில் ஒரு குறுகலான பாலம், ஒரு குறுகலான தெரு. அந்தத் தெருவின் வாயில் பிரெஞ்சு ஈட்டிக் குதிரை வீரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கவாட்டில் வீடுகள், பின்னால் சொந்தப் படை; பின்வாங்க நினைத்தாலும் முடியாது. இங்கிலீஷ் ஹுஸ்ஸார்கள் மோதினார்கள். சுவரில் மோதியது போலத்தான். பிறகு அரசரின் மெய்க்காவல் குதிரைப் படையை ஏவித்தான் அவர்களைத் தள்ள முடிந்தது. இந்தச் சண்டை ஏன் இப்படி நடந்தது? ஊருக்குப் பக்கத்து வயல் உலர்ந்திருந்தால் எந்தத் தளபதியாவது ஒரு தெருவின் வாயில் போய் முட்டிக்கொள்வானா? ரஸ்தாவைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் படித்தால் இரண்டு பக்கத்துத் தளபதிகளும் மூடர்கள் என்றுதான் தோன்றும்.

மறுநாள் காலை மழை நின்றுவிட்டது, ஈரம் நிற்கவில்லை. நெப்போலியன் பதினொன்றரை மணி வாக்கில்தான் சண்டையைத் தொடங்கினார். தரை கொஞ்சம் உலரட்டும் என்று பீரங்கிப் படையைச் சேர்ந்த ட்ரூவோ ஆலோசனை சொன்னார் என்பார்கள். காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டு பெரும்பாலும் வெடிப்பதல்ல, வெறும் இரும்பு உருண்டை. கெட்டித் தரையில் விழுந்தால் எம்பி எம்பிப் போய் வரிசை வரிசையாக ஆட்களைச் சாய்க்கும். சேற்றில் விழுந்தால் அங்கேயே புதைந்துவிடும். நண்பர் விளையாடுகிற விதிப் புத்தகத்தில் பீரங்கிக்கு ஒரே பலம்தான், தரை எதுவானாலும்.

அதே காலையில் கிழக்கே வாவ்ர் ஊர்ப் பக்கமிருந்து பிரஷ்யர்கள் புறப்பட்டார்கள். அவர்களுக்குக் கல் பாவிய பெருஞ்சாலை கிடையாது. வாவ்ருக்கும் ப்ளான்ஸ்னுவா கிராமத்துக்கும் பத்து மைல்கூட இராது. முன்னால் போகவேண்டிய ப்யூலோவின் படை ஊருக்குக் கிழக்கே இருந்தது. ஊரைத் தாண்டி வரவேண்டும். ஊருக்குள் தீ வேறு பிடித்துக்கொண்டது. அதைத் தாண்டினால் லான் ஓடையின் பள்ளத்தாக்கு. செங்குத்தான இறக்கம், பிறகு ஏற்றம், நடுவில் களிச்சேறு. குதிரைகளால் இழுக்க முடியாமல் சிப்பாய்கள் தோள் கொடுத்துப் பீரங்கிகளைத் தள்ளினார்கள். ப்ளூச்சருக்கு அப்போது 72 வயது. இரண்டு நாளைக்கு முன் லிக்னி சண்டையில் குதிரை சாய்ந்து அவர் மேலேயே விழுந்திருந்தது. அந்த உடம்போடு அவர் வரிசையில் முன்னும் பின்னும் போய், வெலிங்டனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், என்னைப் பொய்யனாக்காதீர்கள் என்று ஆட்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் கிளம்பியவர்கள் சண்டையில் இறங்கும்போது பிற்பகல் நாலரை மணி.

மேஜையில் இந்தப் பாதையில் கூழாங்கல்லை ஒட்டுங்கள். என்ன ஆகும்? பிரஷ்யர்கள் மத்தியானத்திற்கே வந்துவிடுவார்கள். இல்லாவிட்டால், ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்களை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கவேண்டும். நிறுத்தி வைத்தால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? நல்ல ரஸ்தா இருந்தும் சோம்பேறிகள் மெதுவாக வந்தார்கள் என்று! தோளில் சேறு வழிய பீரங்கியைத் தள்ளியவனுக்கு அவன் செத்து இத்தனை காலத்துக்குப் பிறகும் இப்படி ஒரு பழியா?

இங்கேதான் எனக்கும் விமரிசகருக்கும் உண்மையான வழக்கு. யார் ஜெயித்தான் என்பதே சரித்திரம் என்று அவர் சொல்லும்போது, அவர் மனத்தில் இருப்பது இரண்டு தளபதிகள். ஒருவர் மேதை, ஒருவர் அதைவிட மேதை. ரஸ்தாவை ஒரு வர்ணப் பட்டையாக வரைந்துவிட்டால் களத்தில் மிஞ்சுவது அந்த இரண்டு பேர்தான். மழை போய்விடும், குதிரை போய்விடும், வண்டியோட்டி போய்விடுவான், நனைந்த ரொட்டியும் கிழிந்த செருப்பும் போய்விடும். எல்லாம் தலைவரின் புத்தி என்று ஆகிவிடும். தலைவர்களைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிற வியாதி சரித்திரத்தில் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று. சேறு, சேறு என்று சொல்லி நெப்போலியனின் எல்லாத் தவறுகளையும் அதில் புதைத்துவிடுகிற பக்தர்களையும் நான் ஏற்கவில்லை. மழை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பெய்தது. காலையில் அவருடைய படைகளில் பல இன்னும் களத்துக்கு வந்தே சேரவில்லை. தரை உலர்ந்திருந்தாலும் அவரால் விடிந்ததும் தொடங்கியிருக்க முடியுமா என்பது சந்தேகம். பிரெஞ்சுப் படைக்காவது அந்தக் கல் பட்டை இருந்தது. பிரஷ்யனுக்கு அதுவும் இல்லை. சேற்றைப் பற்றி விசாரிக்கிறவன் அது யாருக்கு எவ்வளவு இருந்தது என்றும் விசாரிக்கவேண்டும். அதற்குத்தானே ஆராய்ச்சி!

இந்த வேலையில் எனக்கு முன்னோடியான ஒரு மனிதரைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். வில்லியம் சைபார்ன் என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1830-ல் வாட்டர்லூ களத்தை மாதிரி வடிவமாகச் செய்து தரும்படி ராணுவத் தலைமை அவருக்கு உத்தரவிட்டது. வேறொருவராயிருந்தால் ஒரு தேசப்படத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலையை முடித்திருப்பார். சைபார்ன் என்ன செய்தார்? களத்தின் நடுவிலிருந்த லா ஹேய் சேந்த் பண்ணை வீட்டிலேயே போய் எட்டு மாதம் குடியிருந்து நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார். பிறகு சண்டையில் இருந்து உயிரோடு மிஞ்சிய அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். மாலை ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார், எந்த அமைப்பில் வந்தார்கள் என்று கேட்டதோடு, நீங்கள் நின்ற இடத்தில் என்ன பயிர் இருந்தது என்றும் கேட்டார். பாருங்கள், பயிர்! சண்டை முடிந்து பதினைந்து, இருபது வருஷம் ஆன பிறகு, கையிழந்தவர்களிடமும் காலிழந்தவர்களிடமும் போய், உங்கள் காலடியில் கம்பு இருந்ததா, கிராம்புப் புல் இருந்ததா, உழுத நிலமா என்று கேட்கிற மனிதரை நம் விமரிசகர் என்ன சொல்வார்? அவர்கள் பதில் எழுதினார்கள் என்பதுதான் விஷயம். எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது, அது முக்கியமான கேள்வி என்று. அந்தக் கடிதங்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891-ல் புத்தகமாகப் போட்டார்.

அரசாங்கம் நடுவில் மாறியது, பணம் நின்றது. சைபார்ன் சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டு வேலையை முடித்தார். சுமார் 400 சதுர அடி பரப்பு, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டித் தகரச் சிப்பாய்கள். 1838-ல் லண்டன் பிக்கடில்லியில் எகிப்தியன் ஹாலில் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துச் சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். பார்த்து என்ன பயன்? வெலிங்டன் பிரபுவுக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. காரணம், மாலை ஏழு மணிக் காட்சியில் பிரஷ்யர்கள் அதிகமாகத் தெரிந்தார்கள். ப்ளான்ஸ்னுவாவில் அவர்கள் சண்டை செய்துகொண்டிருந்தது கண்ணை உறுத்தியது. வெற்றியைப் பங்கு போட யாருக்குத்தான் மனம் வரும்? கடைசியில் சைபார்ன் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும் பகுதியை எடுத்துவிட்டார். லான் பள்ளத்தாக்கின் சேற்றில் மணிக்கணக்காகத் தள்ளி வந்து சேர்ந்தவர்களை, ஒரு விரலால் எடுத்துப் பெட்டியில் போட்டாயிற்று. அந்த மாதிரி இப்போது லண்டனில் தேசிய ராணுவக் காட்சிச்சாலையில் இருக்கிறது. பொம்மை விளையாட்டில் ஒன்றுமே இல்லை என்றால், ஒரு சாம்ராஜ்யத்தின் தளபதி சில தகரப் பொம்மைகளுக்கு ஏன் இத்தனை முகம் சுளித்தார்?

எங்கள் தொழிலின் மகாபுருஷர் விக்டர் ஹ்யூகோவையும் விட்டுவிட முடியாது. 1862-ல் வெளியான 'லே மிஸராப்ள' நாவலில் ஓஹேன் பாதையைப் பெரிய பள்ளமாக்கி, பிரெஞ்சுக் கவசக் குதிரைப் படையை அப்படியே அதில் விழச் செய்து மூடிவிட்டார். பாதை உண்டு, சில இடங்களில் அது தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் ஒரு சேனையையே விழுங்கிய படுகுழியைச் சரித்திராசிரியர்கள் ஒப்புவதில்லை. அதை இன்று போய் அளந்தும் பார்க்க முடியாது. 1826-ல் முடிந்த சிங்க மேட்டை, 226 படி ஏறிப் போகிறார்களே, அதை எழுப்புவதற்காக அந்த மேட்டு நிலத்தின் மண்ணையே வெட்டி எடுத்துவிட்டார்கள். நினைவுச் சின்னம் வைப்பதற்காக, நினைக்கவேண்டிய நிலத்தை அழித்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல! ஹ்யூகோவின் பள்ளம் நாவலில் பிரமாதம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அதை அப்படியே மேஜையில் வெட்டி வைத்து, இதோ வாட்டர்லூ என்கிறார்களே, அங்கேதான் ஆட்சேபம்.

கூழாங்கல் பிரியர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தியும் சொல்கிறேன். பாரிஸ் தெருக்களில் கல் உண்டு. ஆனால் அதுவும் கூழாங்கல் அல்ல. ஃபோந்தேன்ப்ளோ பக்கத்து மணற்பாறையைச் செதுக்கிய கட்டிகள். பழைய கட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஒரு சாண். இருபது கிலோவுக்குக் குறையாது. 1830-லும் 1848-லும் ஜனங்கள் இவற்றைப் பெயர்த்துத்தான் தெருவை மறித்தார்கள். கடப்பாறை வேண்டும், இரண்டு மூன்று பேர் வேண்டும், நேரம் வேண்டும்; முதல் கல் வருவதுதான் கஷ்டம், பிறகு வரிசையாக வரும். 1848-க்குப் பிறகு பெரிய வீதிகளில் கல்லை எடுத்துவிட்டுக் கப்பி போட்டார்கள். கலகக்காரனுக்குக் கல் கிடைக்காமல் செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்று பேச்சு. ஆனாலும் 1871 கம்யூன் நாட்களில் தடுப்பரண்கள் மறுபடி எழுந்தன. அப்போது அரண் வேலைக்குத் தலைவராயிருந்தவர் ஒரு செருப்புத் தொழிலாளி. அவருக்கும் பேர் நெப்போலியன்தான், நெப்போலியன் கையார். 1968-ல் மாணவர்களும் அதே கல்லைத்தான் பெயர்த்தார்கள். ஆக, எந்தத் தெருவில் கல், எந்தத் தெருவில் கப்பி என்பது அரசாங்கமே கவலைப்பட்ட விஷயம். மேஜையில் மண் தெருவின் குறுக்கே சதுரக் கல்லால் அரண் கட்டி வைத்திருக்கும் படத்தைப் பார்த்தேன். கல் எங்கிருந்து வந்ததாம்?

இதெல்லாம் இப்போது எப்படித் தெரியும் என்பார்கள். தேடினால் தெரியும். ஃபெராரிஸ் பிரபு 1770-களில் அந்தத் தேசம் முழுவதற்கும் எடுத்த படத்தில் கல் பாவிய பெருஞ்சாலையும் மண் பாதையும் வேறு வேறாகத் தெரிகின்றன. சுங்கச் சாவடி இருந்ததா என்று பாருங்கள். சுங்கம் வாங்கினால் சாலைக்கு யாரோ செலவு செய்திருக்கிறான். பிரயாணிகளின் நாட்குறிப்பைப் பாருங்கள். நல்ல ரஸ்தாவைப் புகழ யாருக்கும் நேரம் இராது, மோசமான ரஸ்தாவைத் திட்டாதவன் கிடையாது. ஓவியத்தை மட்டும் நம்பாதீர்கள். எலிசபெத் பட்லர் அம்மையார் 1881-ல் வரைந்த வாட்டர்லூ படத்தில் சாம்பல் நிறக் குதிரைகள் நாலு கால் பாய்ச்சலில் நம் முகத்தின் மேலேயே வருகின்றன. அற்புதமான படம். ஆனால் அன்று அந்தக் குதிரைகள் உழுத சேற்றிலும் மிதிபட்ட பயிரிலும் சொந்தக் காலாட்படையின் ஊடேயும் நடையாகத்தான் தொடங்கின. நம் தொடர்கதைகளிலும் பாருங்கள், எந்த மாதமானாலும், எந்த நிலமானாலும் குதிரை 'டக் டக்' என்று போகும். ஈர மண்ணில் குதிரைக் குளம்பு அப்படி ஒலிக்காது என்று வாசகரே ஒரு நாள் கேட்கப் போகிறார்.

கடைசியாக ஓர் ஆட்சேபம். இது விமரிசகருடையது அல்ல. அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியது. இத்தனை பேர் செத்த இடத்தை மேஜையில் வைத்து விளையாடுவதே பாவமில்லையா என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு முன்னால் நான் பணிவாகத்தான் நிற்கவேண்டும். பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அம்மா, சுத்தமான கூழாங்கல் தெருவில் பளபளக்கும் பொம்மைகள் நிற்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. யுத்தம் ஓர் ஊர்வலம் என்று அது பொய் சொல்கிறது.

அன்று ஒரு நாளில் மூன்று சேனைகளிலுமாகச் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் நாற்பதாயிரத்துக்கு மேல். காயம்பட்டவர்களில் சிலர் நாட்கணக்காகக் களத்திலேயே கிடந்தார்கள். எடுத்தவர்களைப் பிரஸ்ஸல்ஸுக்குக் கொண்டு போனார்கள், 10, 12 மைல். பெரும்பாலும் கிராமத்து வண்டிகள்; வில் கிடையாது. வண்டிக்குக் கீழே அதே செதுக்கிய கல். ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு குலுக்கல். உடைந்த எலும்பில் அது எப்படி இருந்திருக்கும்! ஓரத்து மண்ணில் இறக்கினால் குலுக்கல் இல்லை. ஆனால் சக்கரம் புதைந்துவிடும், பின்னால் வருகிற வண்டியெல்லாம் நின்றுவிடும். சில நாட்களில் லண்டனிலிருந்து கிளம்பிப் போன டாக்டர் சார்லஸ் பெல் பிரஸ்ஸல்ஸில் அவர்களுக்கு அறுவை செய்ததோடு, அவர்களுடைய காயங்களை வர்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார். பார்க்கத் தைரியம் வேண்டும்.

நண்பருடைய மேஜையில் அந்தச் சாலை இப்போது மூன்று பட்டையாக இருக்கிறது. நடுவில் கல், இரண்டு பக்கமும் மண். லான் பாதைக்குக் களிமண் பூசியிருக்கிறார். பீரங்கிக்கு அங்கே ஒரு திருப்பத்துக்கு இரண்டே அங்குலம். காயம்பட்டவர்களின் வண்டி நான்கு செய்து வைத்திருந்தார். எந்தப் பட்டையில் நிறுத்துவது என்று கேட்டார். நடுவில் என்றேன்.